திரும்பும் ரயிலை முதலில் எழுதுங்கள்

2024 அக்டோபரில் வேலை நிமித்தமாக ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போயிருந்தேன். வேலை முடிந்த பிறகு ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அதே விடுதி அறையில் தங்கி, தினமும் காலையில் ரயிலேறி ஓர் ஊரைப் பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடலாம் என்று திட்டம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம், தனியாகப் போகும் பெண்ணுக்கு ஒரே இடத்தில் தங்குவது பாதுகாப்பு, செலவும் மிச்சம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் தவறில்லை, இன்றைக்கும் அதே முறையைத்தான் சொல்வேன். ஆனால் முதல் மூன்று நாளில் நான் பட்ட பாட்டில், கையிலிருந்து ஏறக்குறைய 100 யூரோ, நம் பணத்தில் 9,000 ரூபாய்க்கு மேல், வீணாகப் போனது. ஒரு முழு நாளும் போனது. ஓர் இரவு யாருமில்லாத நடைமேடையில் நின்று அழுதேன். போவதற்கு முன் யாராவது பக்கத்தில் உட்கார்த்தி வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் அத்தனையும் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மியூனிக்கைச் சுற்றிப் பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் கேள்விப்படுவது பயர்ன் டிக்கெட். பவேரியா மாநிலம் முழுக்க, ஒரு நாள் முழுக்க, ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். நான் போனபோது ஒருவருக்கு 29 யூரோ. கூட வரும் ஒவ்வொருவருக்கும் 10 யூரோ கூடுதல், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். நகரத்துக்குள் ஓடும் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். கேட்கும்போதே மனம் குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில், அதில் எழுதியிருந்த நிபந்தனைகளைப் படிக்காமல் விட்டேன்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஃபுஸ்ஸன் என்ற ஊருக்குப் பக்கத்தில் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை இருக்கிறது. இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-இல் கட்டத் தொடங்கியது. 1886-இல் அவர் இறந்தபோதும் கட்டி முடியவில்லை. அவர் இறந்து ஏழு வாரத்திலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், அந்த நேரம் தவறினால் டிக்கெட் செல்லாது. ஊரிலிருந்தே முன்பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து சுமார் 20 யூரோவுக்கு 11:30 மணி நுழைவை வாங்கி வைத்திருந்தேன். மியூனிக்கிலிருந்து ஃபுஸ்ஸனுக்கு இரண்டு மணி நேரம். ஆக எட்டரை மணி வாக்கில் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று ரயிலில் ஏறினேன்.

ரயில் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, டிக்கெட் பரிசோதகர் வந்தார். கைப்பேசியில் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கைப்பேசித் திரையில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். வார நாட்களில் பயர்ன் டிக்கெட் காலை 9 மணிக்குத்தான் தொடங்கும். அப்போது மணி 8:41. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகத்தான் கணக்கு, அபராதம் 60 யூரோ. நான் ஆங்கிலத்தில் எதையெதையோ சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை, சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். பணம் போனதைவிட, எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வைதான் சுட்டது. டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டாள் என்று யாரும் விரல் நீட்டும்படி வாழ்க்கையில் ஒரு நாளும் நடந்துகொண்டதில்லை. அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தபோது கை நடுங்கியது.

அதோடு முடியவில்லை. ரயில் சில நிமிடங்கள் தாமதம், புஹ்லோ என்ற ஊரில் மாற வேண்டிய இணைப்பு ரயில் என் கண் முன்னால் கதவை மூடிக்கொண்டு நகர்ந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. ஃபுஸ்ஸனில் இறங்கும்போதே 11:30 தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு கோட்டை அடிவாரத்துக்குப் பஸ், அங்கிருந்து அரை மணிக்கு மேல் மலையேற்றம். அன்றைய நுழைவு டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டிருந்தன. மரியன் பாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு இழப்புக்கும் வேர் ஒன்றுதான். கோட்டை டிக்கெட்டைத் தனியாக வாங்கினேன், ரயில் டிக்கெட்டைத் தனியாக வாங்கினேன், இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கவில்லை. நேரம் குறித்த டிக்கெட் எதை வாங்கினாலும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள். மலையேற 40 நிமிடம், பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் போவதும் அரை மணி, இணைப்பு ரயில் தவறினால் ஒரு மணி, ரயில் பயணம் இரண்டு மணி. 9 மணிக்குப் பிறகு கிளம்புகிறவர் இப்படி எண்ணினால் பகல் 1:30-க்கு முன் எந்த நுழைவும் வாங்கக் கூடாது என்பது தானாக விளங்கிவிடும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் பயர்ன் டிக்கெட் நள்ளிரவு 12-இலிருந்தே செல்லும். எனவே தூரமான ஊர்களை வார இறுதிக்கும் பக்கத்து ஊர்களை வார நாட்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர் முழுதாக இருக்க வேண்டும். இயந்திரத்தில் அச்சடித்து வாங்கினால் பேனாவால் நீங்களே எழுத வேண்டும். இன்னொன்று, இந்த டிக்கெட் பிராந்திய ரயில்களுக்கு மட்டும். ஐசிஇ, ஐசி, இசி என்று எழுதியிருக்கும் அதிவேக, தொலைதூர ரயில்களில் செல்லாது. மியூனிக் மத்திய நிலையத்தின் அளவையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடைமேடை 5 முதல் 10 வரை ஒரு பக்கச் சிறகில், 27 முதல் 36 வரை எதிர்ப்பக்கச் சிறகில், இரண்டுமே நடுக் கூடத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. மெட்ரோவிலிருந்து மேலே வந்து அங்கே போய்ச் சேரவே பத்து நிமிடம் ஆகும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை டேகர்ன்சே ஏரிக்குக் கிளம்பினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான தூரம், மாறவே தேவையில்லை, இதிலாவது தவறு நேராது என்று நிம்மதியாகக் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தேன். ஹோல்ட்ஸ்கிர்ஷன் நிலையத்தில் ரயில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. ஜெர்மன் மொழியில் ஓர் அறிவிப்பு. இரும்போடு இரும்பு உரசும் சத்தம், ஒரு குலுக்கல், பிறகு அமைதி. அந்தச் சத்தத்தின் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. ரயிலை இரண்டாகக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தடத்தில் ஒரே ரயிலாகக் கிளம்புவது வழியில் மூன்றாகப் பிரிகிறது. ஹோல்ட்ஸ்கிர்ஷனில் ஒரு பகுதி பைரிஷ்ட்செல் பக்கம் போய்விடும். மீதி ஷாஃப்ட்லாக்கில் மறுபடியும் பிரிந்து, ஒன்று லெங்ரீஸுக்கும் ஒன்று டேகர்ன்சேவுக்கும் போகும். நான் இருந்தது பைரிஷ்ட்செல் பகுதி. மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் "டேகர்ன்சே?" என்று கேட்டேன். அவர் தலையை அசைத்து, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, பிறகு மெல்லப் பிரித்துக் காட்டினார். எந்த மொழியிலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

நல்லவேளையாக அந்தத் தடத்திலும் ஓர் ஏரி இருக்கிறது, ஷ்லியர்சே. அங்கே இறங்கிவிட்டேன். டேகர்ன்சேவைவிடச் சிறியது, கூட்டமும் இல்லை. அன்று முழுக்க அதன் கரையைச் சுற்றி நடந்தேன், மனத்துக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது. ஆனால் அதே தவறை நேரம் குறித்த நுழைவு உள்ள நாளில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஜெர்மனியில் இப்படிப் பிரியும் ரயில்கள் நிறைய. ஏறும்போது அந்தப் பெட்டியின் பக்கவாட்டிலோ கதவுக்கு மேலோ எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். நடைமேடைப் பலகையில் இருப்பது முழு ரயிலுக்கு, பெட்டியில் இருப்பதுதான் நீங்கள் போகப்போகும் ஊர். அறிவிப்பில் "ஃபோர்டரர்" என்று வந்தால் முன்பகுதி, "ஹின்டரர்" என்றால் பின்பகுதி, "ட்சூக்டைல்" என்றால் ரயிலின் பகுதி. இந்த மூன்று சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதோடு, உட்கார்ந்த பிறகு பக்கத்திலிருப்பவரிடம் ஊர்ப் பெயரை ஒரு முறை கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. உள்ளூர்க்காரர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைப் பிறகு கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய அடி. பெர்ஷ்டெஸ்காடன் பக்கத்தில் கோனிக்சே என்ற ஏரி, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர். அதில் 1909-இலிருந்தே மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன, அதனால் தண்ணீர் கிழிபடும் ஓசைகூடக் காதில் விழுகிறது. நடு ஏரியில் படகை நிறுத்தி, படகுக்காரர் பாறையைப் பார்த்து எக்காளம் ஊதினார். அவர் ஊதி முடித்துக் கீழே இறக்கிய பிறகு, மலை அதே ராகத்தை ஒரு மூச்சு தாமதித்துத் திருப்பிக் கொடுத்தது. அந்த நொடியில் வெள்ளிக்கிழமை அபராதமெல்லாம் மறந்தேபோனது. செயின்ட் பார்த்தலோமா தேவாலயத்தில் இறங்கினேன், பிறகு ஏரியின் கடைக்கோடியான சாலெட் வரை போனேன், அங்கிருந்து கால் மணி நேரம் நடந்து ஓபர்சே என்ற இன்னொரு குட்டி ஏரியையும் பார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

சாலெட் படகுத்துறைக்குத் திரும்பியபோது நீண்ட வரிசை. எல்லாரும் கடைசிப் படகுகளுக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே சாலை கிடையாது, படகை விட்டால் வேறு வழியில்லை. முதலில் வந்த படகு நிரம்பிப் போய்விட்டது. அடுத்ததில் இடம் கிடைத்து, 55 நிமிடம் பயணம் செய்து கரை சேர்ந்தபோது ஆறு மணி தாண்டி இருட்டத் தொடங்கிவிட்டது. பஸ்ஸுக்கு நின்று, பெர்ஷ்டெஸ்காடன் ரயிலைப் பிடித்து, ஃப்ரைலாசிங்கில் இறங்கும்போது எட்டரை மணி. அங்கே மாறித்தான் மியூனிக் போக வேண்டும். பலகையில் என் ரயிலுக்கு எதிரே "ஃபெல்ட் அவுஸ்" என்று இருந்தது. ரத்து. தண்டவாளப் பணி காரணமாக அன்று இரவு அந்தத் தடத்தின் ஒரு பகுதியில் ரயில் இல்லை, மாற்றுப் பஸ். இந்தத் தகவல் பல நாட்களுக்கு முன்பே ரயில் செயலியில் இருந்திருக்கிறது. நான் காலை ரயிலை மட்டும்தான் தேடிப் பார்த்திருந்தேன். மாலை ரயிலை ஒரு முறைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

வழக்கமான பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். இருபது நிமிடம் ஆகியும் எதுவும் வரவில்லை. மாற்றுப் பஸ் வேறோர் இடத்திலிருந்து, நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே கிளம்பிப் போய்விட்டிருந்தது. அதை எனக்குச் சொன்னது சைக்கிளோடு நின்ற ஓர் இளைஞர். மாற்றுப் பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள் என்பதால் அவரை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். "எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்" என்று எழுதிய சிறிய பலகையைக் காட்டி, அதைத் தேடி அம்புக்குறி வழியே போக வேண்டும் என்று சொன்னார். பிறகு அவரும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். டிக்கெட் அலுவலகம் மூடியிருந்தது. அடுத்த மாற்றுப் பஸ் பத்தரை மணிக்கு.

சால்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தொலைதூர ரயில் வந்து நின்றது. அதில் என் டிக்கெட் செல்லாது, அது மட்டும் இப்போது நன்றாகவே தெரியும், பணி நடக்கும் இடத்தைச் சுற்றி அந்த ரயில் எப்படிப் போகும் என்பதோ தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரயில் போன பிறகு நடைமேடையில் ஒருவருமில்லை. கைப்பேசியில் ஆறு சதவீதம் மின்சாரம். பையில் காலையில் இட்லிப் பொடியும் வெண்ணெயும் தடவிக் கொண்டுவந்த ரொட்டியில் கடைசித் துண்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய நிலையங்களுக்குள் இருப்பவை போன்ற சிலதான் திறந்திருக்கும். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அழுதேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். யாருக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது, அம்மாவை எழுப்பி என்ன சொல்வது?

பத்தரை மணிப் பஸ் ஊர் ஊராக நின்று ரோசன்ஹைம் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அங்கிருந்து ரயில். மியூனிக்கின் கிழக்கு நிலையத்தில் இறங்கும்போது ஒன்றரை மணி. பயர்ன் டிக்கெட் மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும் என்பது மட்டும்தான் அன்றைக்கு என் பக்கம் இருந்த ஒரே நியாயம். அந்த நேரத்தில் விடுதிப் பக்கம் போக எதுவும் தோதாக இல்லை, டாக்ஸிக்கு 22 யூரோ கொடுத்தேன். திங்கட்கிழமை காய்ச்சல் அடிப்பதுபோல் உடம்பெல்லாம் வலி, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

படுத்துக்கொண்டே ஒரு நோட்டை எடுத்து எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த முறையை மாற்றவில்லை. முதல் வரியில் திரும்பும் ரயில். ஒன்றல்ல, மூன்று. நான் பிடிக்க நினைப்பது, அதற்கு அடுத்தது, இதற்கு மேல் இருக்கக் கூடாது என்ற எல்லை. மூன்றையும் அதே தேதிக்குச் செயலியில் தேடி, ரத்து, மாற்றுப் பஸ் என்று எதுவும் இருக்கிறதா என்று முந்தைய இரவும் அன்று மதியமும் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே, ரயிலடிக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் கடைசிப் பஸ் அல்லது படகு. இவற்றை எழுதி முடித்த பிறகுதான் காலையில் எப்போது கிளம்புவது என்ற கேள்விக்கே வர வேண்டும். கோனிக்சேயில் கரையிறங்கிய உடனேயே, சாலெட்டிலிருந்து கடைசிப் படகு எப்போது என்ற பலகையைப் படம் எடுத்திருந்தால் எனக்கு அந்த இரவு நேர்ந்திருக்காது. மாற்றுப் பஸ் நிற்குமிடம் நிலையத்துக்கு வெளியே எங்கே என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வைக்கலாம். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் ஒன்றைப் பையில் வைத்திருப்பதும், தங்குமிட முகவரியைத் தாளில் எழுதி வைத்திருப்பதும் தனியாகப் போகிறவர்களுக்குக் கட்டாயம். வீட்டில் ஒருவருக்காவது "இன்று இந்த ஊர், இத்தனை மணிக்குள் அறைக்கு வந்துவிடுவேன்" என்று காலையிலேயே செய்தி அனுப்பிவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து பயர்ன் டிக்கெட், மொத்தம் 145 யூரோ. அப்போது டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சந்தா 49 யூரோ. ஜெர்மனி முழுக்க எல்லாப் பிராந்திய ரயிலிலும் செல்லும், காலை 9 மணித் தடையும் கிடையாது. அது இருந்திருந்தால் அந்த 60 யூரோ அபராதமே விழுந்திருக்காது. அது 2025 ஜனவரியில் 58 ஆகவும், 2026 ஜனவரியில் 63 ஆகவும் ஏறிவிட்டது. தனியாக மூன்று நாளுக்கு மேல் சுற்றுகிறவருக்கு இன்னும் அதுவே லாபம். ஆனால் சந்தா என்பதால் நாமே ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடித்துக்கொள்வார்கள். எந்தத் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும் என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேராகக் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் மட்டும் சுற்றினால் கணக்கு மாறும், அப்போது பயர்ன் டிக்கெட்டே மலிவு.

செவ்வாய்க்கிழமை சால்ஸ்பர்க் போனேன். ஆஸ்திரியாவாக இருந்தாலும் அந்த நிலையம் வரை பயர்ன் டிக்கெட் செல்லும், ஊருக்குள் ஓடும் பஸ்ஸுக்குச் செல்லாது. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லையே இல்லை என்று நினைத்து பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2015-இலிருந்து ஜெர்மனி அந்த எல்லையில் சோதனை வைத்திருக்கிறது. திரும்பும்போது ஃப்ரைலாசிங்கில் சீருடைக்காரர்கள் பெட்டிக்குள் வந்து பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அதே நடைமேடையை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது.

கடைசி நாள் புதன்கிழமை ரேகன்ஸ்பர்க். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், மாற வேண்டியதில்லை, நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம், நேரம் குறித்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. மனம் சோர்ந்திருக்கும்போது இப்படிப்பட்ட ஊரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய கல் பாலம் இன்னும் டான்யூப் நதிக்கு மேல் நிற்கிறது. அதன் தூண்களில் மோதிப் பிரியும் தண்ணீர் கீழே சுழித்துக்கொண்டு ஓடுகிறது. நம் ஊர்ப் படித்துறையில் உட்காருவதுபோல் கரையோரக் கல்லில் உட்கார்ந்து, அந்தச் சுழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்குச் செயலியை ஒரு முறை திறந்து பார்த்தேன், எல்லா ரயிலும் ஓடுகிறது. நோட்டில் எழுதியிருந்த முதல் ரயிலை வேண்டுமென்றே விட்டுவிட்டு, இரண்டாவதில் ஏறி, எட்டு மணிக்கு முன்பே அறைக்கு வந்து அம்மாவுக்குப் பேசினேன்.